முப்பத்தெட்டாவது சீட்டு

கத்தரிக்கோல் கோட்டின்மேல்தான் போகிறது, மனசுதான் எண்ணிக்கொண்டே இருக்கிறது. முதல் தாள் வந்தாயிற்று. ஒரு தாளுக்கு எட்டுப் பேர். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர், அப்படியானால் ஐந்து தாள், கடைசித் தாளில் ஆறு பேர் இருக்க வேண்டும். ஆறாவது பேர் பியூலா. என் மகள். பன்னிரண்டு மணிக்கு நானே உட்கார்ந்து தட்டினேன், தட்டி முடித்துத் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணியும் பார்த்தேன், முப்பத்தெட்டு, கடைசி வரியில் பியூலா இருந்தாள். இப்போது எனக்கு முதுகைக் காட்டி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆல்வின், என் மகன், அந்தப் பட்டியலை அவன் எழுதின புரோகிராமுக்குக் கொடுத்திருக்கிறான். அது வரி வரியாக வாசித்து வரிக்கு ஒரு சீட்டு போடும். நான் தரையில் உட்கார்ந்து வெட்டி, மடித்து, கூடையில் போட்டு, சாயங்காலம் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். என் விரலுக்கும் இந்தத் தாளுக்கும் நடுவில் இருப்பது ஆல்வின் ஒருத்தன்தான். ஆறு பேர் வந்தால் நான் பாவி, பெற்ற பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். ஐந்து வந்தால், வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், வெட்டு. தங்கப்புஷ்பம். அவள் புருஷனுக்குக் கிட்னி. வெட்டு. எஸ்கலின் டீச்சர். வெட்டு. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக என் முழங்கால்வரை வந்துவிட்டது. சீட்டு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறோம், அவன் சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. சின்ன வயதில் அந்த முதுகுக்கு நான் பவுடர் போட்டிருக்கிறேன். வேர்க்குரு வந்து ராத்திரியெல்லாம் அழுவான், பியூலாதான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருப்பாள், தம்பி தூங்கிட்டானா அம்மா, தம்பி தூங்கிட்டானா அம்மா என்று.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்கக்கூடாது என்றுதானே முறை. இந்த ஜெபக்கூடையின் முறையே அதுதான். சபையில் யாருக்கு என்ன தேவையோ அவர்கள் ஐயரம்மாவிடம், எங்கள் போதகரின் மனைவியிடம், பேரைக் கொடுப்பார்கள். காரியத்தை எழுதுவதில்லை, பேர் மட்டும்தான், காரியம் ஆண்டவருக்குத் தெரியும். சனிக்கிழமை பெண்கள் கூட்டம் முடிந்ததும் கூடை சுற்றி வரும், கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்போம், மிஞ்சினால் சிலர் இரண்டு எடுப்பார்கள். அந்த வாரம் முழுவதும் விடிகாலையில் அந்தப் பேருக்காக முழங்கால் போட வேண்டும். எடுத்த சீட்டை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது, புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது. அடுத்த சனிக்கிழமை மடித்தபடியே பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். வெட்டுகிற எனக்கும் அது பொருந்தும். வெட்டுகிறவள் கடைசித் தாளில் கண்ணை ஓட்டாமல் மடிக்க வேண்டும் என்று நானே எனக்கு ஒரு கட்டு வைத்துக்கொண்டேன், என் வீட்டுப் பேர் எந்த மடிப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் அது யார் கைக்குப் போகிறது என்று கண் பின்னாலேயே போகுமே. யாருக்கு யார் என்று தெரியாது, அதுதான் இதன் அழகு என்று புதிதாக வருகிற பெண்களிடம் நான்தான் சொல்வேன். அந்த அழகுதான் இன்று காலை என் வாயை அடைத்தது, உனக்கு யார் பேர் வந்தது என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாதே. கிறிஸ்துமஸ் வருது, டின்னைக் காலி பண்ணிக் கழுவித் தாங்கக்கா, வருஷச் சீட்டையெல்லாம் எரிச்சிருங்க என்று ஐயரம்மா சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து டின்னைக் கவிழ்த்தேன். எனக்கு ஒரு ஆசை, சின்ன ஆசை. பியூலா பேர் எழுதின சீட்டு ஒன்று எடுத்து என் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொருத்தி கை பட்டு, ஒரு வாரம் அவள் தலையணைக்கு அடியில் இருந்து, அவள் வேர்வை பட்டுக் கசங்கின சீட்டு. நாற்பத்தாறு சனிக்கிழமை ஆகியிருக்கிறது, நாற்பத்தாறில் ஒன்று எடுத்தால் யாருக்கு நஷ்டம். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தங்கப்புஷ்பம் வந்தது, மறுபடி தங்கப்புஷ்பம் வந்தது, எஸ்கலின், மரியசெல்வம், மறுபடி எஸ்கலின். வாளி நிறைந்து தண்ணீர் என் சேலையை நனைத்தது எனக்குத் தெரியவில்லை. இடுப்பு விட்டுப்போகிறவரை பிரித்தேன். மற்றப் பேரெல்லாம் நாற்பது, நாற்பத்திரண்டு என்று இருக்கிறது. பியூலா இல்லை. ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது தாள். இதுவும் எட்டு. இதில் எனக்கு வேலை இல்லை, இவர்கள் எல்லாரும் வருவார்கள், இவர்கள் என்றைக்கும் விட்டுப்போனதில்லை. பியூலாவை ஏன் கடைசியில் போட்டேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அது இவர் வைத்த முறை, ஆல்வினின் அப்பா, ஆறு வருஷம் ஆயிற்று போய். குடும்ப ஜெபத்தில் தேசத்துக்காகக் கேட்பார், சபைக்காகக் கேட்பார், பக்கத்து வீட்டுக் கால் உடைந்த தாத்தாவுக்காகக் கேட்பார், தெரு முழுவதும் முடிந்த பிறகுதான் பிள்ளைகள் பேரை எடுப்பார், நம்ம வீட்டை முன்னால வச்சா அது பேராசை என்பார். அதனால் புதுப் பேர் எத்தனை சேர்ந்தாலும் நான் பியூலாவுக்கு மேலேதான் நுழைப்பேன். முப்பதாக இருந்தது முப்பத்தெட்டு ஆனபோதும் அவள் அடியிலேயே இருந்தாள். அவளுக்கு அடியில் யாரும் கிடையாது. அவள் பேரைத் தட்டியதும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அது பழைய பழக்கம், கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் டைப் படித்தபோது வந்தது. பத்தாவது முடித்து வீட்டில் இருந்த பெண்பிள்ளைகளெல்லாம் அப்போது டைப்புக்குத்தான் போவோம். தமிழ் டைப்பில் லோயர் பரீட்சை பாஸ் பண்ணினேன், என் வாழ்க்கையில் நான் வாங்கின கடைசிச் சர்ட்டிபிகேட். செல்வின் சார் பெஞ்சுக்குப் பின்னாலேயே நடப்பார். கடைசி வரி அடிச்சாச்சுன்னா கையை எடு, லீவரைத் தள்ளாத, அடுத்த வரி உண்டுன்னாத்தான் லீவர் என்று ஸ்கேலால் தட்டுவார். இன்றைக்கும் என் கை அப்படித்தான். ஒரு பேர், எண்டர், அடுத்த பேர், எண்டர், பியூலா, கை மடிக்கு வந்துவிடும். கண்ணை மூடி அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு ஆல்வின் காட்டித்தந்தபடி சேமித்து வைப்பேன். பேராசை இல்லாமல் இருக்கத்தான் கடைசியில் போட்டேனா. இல்லை, மேலே போட்டால் ஐயரம்மா பட்டியலைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுமே, சொல்லாமல் போய் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகள் பேரை இவ்வளவு தைரியமாக மேலே வைத்திருக்கிறாளே என்று நினைப்பார்களே என்றா. தெரியவில்லை. ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை, நீர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தாள் சூடாக இருக்கிறது. மிஷினிலிருந்து வந்ததும் தாள் சூடாக இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும், அப்போதுதான் குளித்துவிட்டு வந்த பிள்ளையைத் தொட்டதுபோல இருக்கும். ஜூலையில் என்ன ஆயிற்று. ஜூலையில் ஓசூரிலிருந்து இளங்கோ போன் பண்ணினான், பியூலாவின் புருஷன், அதுவரை என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒன்றும் சொல்லாமலே பேசுகிற பையன், அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா என்றான். அம்மா, தங்கலம்மா. ஐந்து மாதக் கரு. நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் ஆண்டவரிடம் பேசினது யாருக்கும் தெரியாது. ஒரு பெண் கேட்டால் நீர் செவிகொடுக்காமல் இருக்கலாம், ஒரு தாய் கேட்டால்கூட அவள் சுயநலத்துக்குக் கேட்கிறாள் என்று விடலாம், ஆனால் இருபத்தாறு வாரம், இருபத்தாறு பெண்கள், ஒவ்வொருத்தியும் ஏழு விடிகாலை முழங்கால் போட்டு என் மகள் பேரைச் சொல்லியிருக்கிறார்களே, அத்தனை பேரையும் நீர் தட்டிவிட்டீரா என்று கேட்டேன். அதன்பிறகு ஜெபம் பண்ணினேன், பாட்டுப் பாடினேன், கூட்டத்தில் எழுந்து ஆண்டவர் நல்லவர் என்று சாட்சிகூடச் சொன்னேன், ஆனால் உள்ளே ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் எல்லாம் செய்தேன். ஐந்து மாதமாகச் சாத்தின கதவு. இன்று காலை குழாயடியில்தான் தெரிந்தது, யாரும் கேட்கவே இல்லை. இருபத்தாறு பெண்கள் இல்லை. நான் ஒருத்திதான். பதில் சொல்லவில்லை என்று யாரைக் கோபித்தேனோ அவர் காதுக்கு சபை அவள் பேரைக் கொண்டுபோகவே இல்லை. அப்படியானால் நான் ஒருத்தி கேட்டது போதாதா என்று உடனே இன்னொரு கேள்வி வருகிறது, அதை நான் தொடமாட்டேன், அதைத் தொட்டால் எழுந்திருக்க முடியாது. போன வாரம் பியூலா பேசினாள். நாள் தள்ளிப்போயிருக்கு, யார்ட்டயும் சொல்லாதீங்கம்மா, கூடையில மட்டும் போடுங்க என்றாள். போடுதேன் ராசாத்தி, என்னைக்கும் போட்டுட்டுத்தான இருக்கேன் என்று சொன்னேன். அந்த வாயால் சொன்னேன்.

நான்காவது தாள். இந்த எட்டோடு முப்பத்திரண்டு. தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டித் தாளைத் தருகிறான், தண்ணி வேணுமாம்மா என்கிறான், வேண்டாம் என்கிறேன், இரண்டு பேர் குரலும் சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அக்காமேல் கோபம் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அவள் வீட்டை விட்டுப் போன அதே மாதம்தான் அவனுக்கு நாசரேத்தில் பெண் பார்த்து எல்லாம் முடிவாகியிருந்தது. அந்தப் பிள்ளையோடு இரண்டு தடவை போனில் பேசியும் இருந்தான், பேசிவிட்டு வந்து அடுப்படியில் சும்மா நின்று தேங்காய்ச் சில் எடுத்துத் தின்பான். பெண் வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள், உங்க வீட்டுப் பொண்ணு இப்படிப் போனபிறகு எங்களுக்கு யோசனையா இருக்கு என்று. அன்றைக்கு அவன் எனக்கு அக்கா கிடையாது என்று சொன்னான், கத்தவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், சொல்லிவிட்டு மோர் கேட்டான். நான் ஊற்றினேன். ஆனாலும் ஜனவரியில் ஐயரம்மா கூடையைப் பற்றிச் சொன்னபோது, கையால முப்பது சீட்டு எழுதுதது கஷ்டம்மா, நான் ஒரு புரோகிராம் எழுதித் தாரேன் என்று அவன்தான் தானாக வந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம். பிள்ளை மனசு இளகிவிட்டது, அக்கா பேரும் அதில் வரும் என்று தெரிந்துதானே செய்கிறான் என்று நினைத்தேன். முதல் வாரம் நான் முப்பது பேர் தட்டினேன், திரையில் இருபத்தொன்பது என்று காட்டியது. ஏல ஆல்வின், ஒண்ணு குறையுதே என்றேன். அவன் அன்றைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பூஜ்யத்துலருந்துதான் எண்ணும்மா, எப்பவும் ஒண்ணு குறைச்சலாத்தான் காட்டும், பயப்படாதீங்க என்றான். படித்த பிள்ளை சொல்கிறான். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஒன்று குறையத்தானே செய்யும். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணைப் பார்த்து நானே மனசுக்குள் ஒன்று கூட்டிக்கொண்டேன். பத்து மாதத்துக்குமேல் அந்த ஒன்றைக் கூட்டிக் கூட்டி நானே பியூலாவை விழுங்கியிருக்கிறேன்.

ஐந்தாவது தாள். மிஷின் நின்றுவிட்டது. தாளை வாங்கினேன், கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன், ஸ்தோத்திரம் சொன்னேன், திருப்பினேன். ஐந்து. மரியசெல்வம், ஜாய்ஸ், பொன்ராணி, லில்லி அக்கா, வசந்தா. அதற்குக் கீழே வெள்ளை. ஒரு பேர் உட்காருகிற அளவுக்கு, கோடு போட்டு வைத்ததுபோல வெள்ளை. ஆல்வின் என்று கூப்பிட்டேன். ம் என்றான். இன்னும் ஒரு சீட்டு வரணும்யா என்றேன். யார் பேரும்மா என்று அவன் கேட்கவில்லை. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், காலையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்ததையெல்லாம் கீழே போட்டிருப்பேன். அவன் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான், என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான். நீதான் எடுத்தியா என்றேன். இல்லம்மா என்றான், சத்தியமா நான் எடுக்கல என்றான். பிறகு சொன்னான், ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். புரோகிராம் எழுத்தை ஒவ்வொண்ணா வாசிச்சுக் கையில வச்சுக்கிட்டே வரும்மா. எண்டரைப் பார்த்தாத்தான் வரி முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியும், உடனே சீட்டு போட்டுரும். நீங்க கடைசிப் பேருக்குப் பின்னால எண்டர் தட்டுததே இல்ல. அப்ப அந்தப் பேரு வாசிச்சாச்சு, ஆனா வரி முடியலன்னு கையில வச்சுக்கிட்டே நிக்கும். அதுக்குமேல வாசிக்க ஒண்ணும் இல்லன்னதும் கையில இருக்கதை அப்படியே விட்டுட்டு வெளிய வந்துரும். அது நான் எழுதுன தப்பு, ரொம்பப் பேரு செய்யுத தப்புதான். எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது, மூச்சு வந்தது, உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. என் பிள்ளை எடுக்கவில்லை. மிஷின் விட்டிருக்கிறது. அவன் எழுதின தப்பும் என் விரலின் பழக்கமும் சேர்ந்து விட்டிருக்கிறது. செல்வின் சாரின் ஸ்கேல்கூட விட்டிருக்கிறது. யார்மேலும் குற்றம் இல்லை. வாசித்திருக்கிறது, வாசிக்காமல் விடவில்லை, அவள் பேரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று நினைத்தபோது அந்த மிஷின்மேல்கூட எனக்கு இரக்கம் வந்தது. எழுந்து அவன் தலையைத் தடவ வேண்டும் என்று கைகூட ஊன்றிவிட்டேன். ஊன்றின கை அங்கேயே நின்றது. இவ்வளவு சரளமாகச் சொல்கிறானே, இப்போது திரையைக்கூடப் பார்க்கவில்லையே.

இந்தத் தப்பை எப்பய்யா பாத்த என்று கேட்டேன். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது, போகிற சத்தமும் கேட்டது. ரெண்டாவது வாரம் என்றான். சரி பண்ண எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ஒரு வரிம்மா என்றான், ரெண்டு நிமிஷம். அது தானா விட்டுப்போச்சு, நான் பேசாம இருந்துட்டேன், அவளை நான் எடுத்துப் போடல, அது பாட்டுக்குப் போகட்டும்னு இருந்துட்டேன். நாற்பத்தைந்து சனிக்கிழமை இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தாளைக் கையை நீட்டித் தந்து, தண்ணி வேணுமாம்மா என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு வாரமும் நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்போது வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறான். ஜூலை, என்று மட்டும் சொன்னேன். குக்கரை அன்றைக்கு நிறுத்தினது அவன்தான், இப்போது ஞாபகம் வருகிறது, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டது அவன்தான். இத்தனை பேர் ஜெபம் பண்ணியும் இப்படி ஆயிட்டேய்யா என்று நான் அவன் தோளில்தான் அழுதேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்னைக்கே சரி பண்ணத்தான் உக்காந்தேம்மா என்றான். பண்ணப்போனேன். இப்பப் பண்ணுனா, அப்ப நான் பேசாம இருந்ததாலதான் அப்படி ஆச்சுன்னு ஆயிருமேன்னு பயம் வந்துட்டு. மூடி வச்சுட்டேன். மன்னிச்சிருங்க. மன்னிச்சேன் என்கிற வார்த்தை எனக்கு அந்நியம் இல்லை, முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற வார்த்தை, எங்கே இருக்கும் என்று தெரியும், போய் எடுத்து வரலாம். நான் போகவில்லை. எழுந்து மேஜைக்குப் போனேன், தள்ளிக்கோ என்றேன், பட்டியலைத் திறந்து கடைசி வரிக்கு வந்தேன். பியூலா. அவளுக்கு அடுத்து அந்தக் கோடு மினுக்கி மினுக்கி அணைந்தது. கை மடிக்கு வரப் பார்த்தது. வர விடாமல் எண்டரைத் தட்டினேன். சின்னச் சத்தம்தான். போடு என்றேன், அந்த ஒண்ணை மட்டும் போடு. மிஷின் ஒரு முழுத் தாளை இழுத்து, அதன் தலையில் ஒரே ஒரு பேரைப் போட்டுத் தந்தது.

வெட்டினேன். மடிக்கும்போது கூடையைப் பார்த்தேன், முப்பத்தேழு மடிப்பு, அதில் இதையும் போட்டால் இன்று சாயங்காலம் யாரோ ஒருத்தி எடுப்பாள், ஒரு வாரம் கேட்பாள், பியூலா சொன்னபடியே கூடையில் போட்டதாகும். போடப் போனேன். இல்லை, சபை கேட்கிறது அடுத்த வாரம் ஆகட்டும், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். கூடை பெண்களுக்குத்தான், ஆண்பிள்ளை சீட்டு எடுப்பது முறையில் இல்லை, ஐயரம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ. அவன் விரல்களைப் பிரித்துச் சீட்டை உள்ளங்கையில் வைத்து மூடினேன். இந்த வாரம் உனக்கு இது விழுந்திருக்கு என்றேன், யாருக்கும் காட்டக்கூடாது, எனக்கும் காட்டாத. விடிகாலைல நாலரைக்கு நான் வந்து எழுப்ப மாட்டேன், நீயா எந்திரிக்கணும். அவன் மூடின கையைத் திறக்கவும் இல்லை, பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை, அப்படியே மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முகத்தைக் கழுவிச் சேலை மாற்றிக் கூடையை எடுத்தேன். வாசல்வரை தனியாகத்தான் வந்தேன், கேட்டை நானே திறந்தேன். அவன் மனசில் என்ன கேட்பான், கேட்பானா, அதை யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. தெருவில் வெயில் தாழ்ந்துவிட்டது. கூடைக்குள் முப்பத்தேழுதான் இருக்கிறது, இன்றைக்கும் ஒன்று குறைகிறது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் இந்த வாரம் எனக்குத் தெரியும்.